சாட்சியும் ஆசிரியனும்: பிறெடெரிக் டக்ளசின் மூன்று சுயசரிதைகள் பற்றி ஒரு நோக்கு

1

சுயசரிதை என்னும் இலக்கிய வகையினை ஆராய்வோர், ஒருவரின் வாழ்க்கைக்கும் அவர் எழுதிய நூலுக்கும் இடையிலுள்ள பொருத்தத்தையே பெரும்பாலும் முதலில் நோக்குவர். ஒரே வாழ்க்கையை ஒருவர் மூன்று முறை எழுதியிருப்பின் அவ்வினா வேறு வடிவம் பெறுகின்றது. வாழ்க்கை ஒன்று, நூல்கள் மூன்று. நூல்களுக்கிடையே காணப்படும் வேறுபாடுகளுக்கான காரணத்தை வாழ்க்கையில் மாத்திரம் தேடுதல் போதாது. எழுதியவர் எவரை நோக்கி எழுதினார், எவருடைய ஆதரவில் எழுதினார், எவற்றைக் கூறாது விட்டார் என்பனவும் ஆராயப்படல் வேண்டும்.

பிறெடெரிக் டக்ளஸ் (1818-1895) அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். இருபது வயதளவில் வடக்கே தப்பிச் சென்று, அடிமைமுறை ஒழிப்பியக்கத்தின் மிகப் பெரும் பேச்சாளராகவும் பத்திரிகையாசிரியராகவும் விளங்கியவர். அவரது முதற் சுயசரிதை 1845 இல் பொஸ்ரன் நகரில் வெளியாயிற்று. 'எனது அடிமைத்தளையும் எனது விடுதலையும்' என்னும் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட இரண்டாவது நூல் 1855 இல் வந்தது. 'வாழ்வும் காலமும்' என வழங்கும் மூன்றாவது நூல் 1881 இல் வெளியாகி, 1892 இல் மேலும் விரிவு பெற்றது.

இம்மூன்றினையும் பற்றி ஒரு பொதுக் கருத்து நிலவுகின்றது. முதல் நூல் செறிவும் வேகமும் கொண்ட இலக்கியம். இரண்டாவது அதன் நீட்சி. மூன்றாவது முதியவர் ஒருவரின் பதவிக் குறிப்பேடு என்பதே அக்கருத்து. நீண்ட காலம் அச்சில் இல்லாதிருந்த முதல் நூலை 1960 இல் பெஞ்சமின் குவாள்ஸ் பதிப்பிக்க, ஹாவாட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அதன் பின் வகுப்பறைகளில் அந்நூலே பெரிதும் பயிலப்படலாயிற்று. இந்நிலையும் மேற்கூறிய கருத்து வேரூன்ற உதவியது எனலாம். நடையழகினை மாத்திரம் அளவுகோலாகக் கொள்வோர்க்கு இத்தீர்ப்பு போதுமானதாக இருக்கலாம். ஆயின் மூன்று நூல்களையும் வரிசையாகப் படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். தன்மீது இழைக்கப்பட்ட கொடுமைக்குச் சாட்சி கூறுவதற்காக அழைக்கப்பட்ட ஒருவர், அக்கொடுமைக்கு விளக்கம் கூறும் உரிமையையும் தமதாக்கிக் கொள்ளப் போராடிய வரலாறே அது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் வெளிவந்த அடிமை வரலாறுகளுக்கு ஒரு பொதுவமைப்பு உண்டு. நூலின் முகப்பில் வெள்ளையினத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரின் முன்னுரை இருக்கும். நூலாசிரியரின் நன்னடத்தைக்கும் கூற்றின் உண்மைக்கும் அவர் பிணை நிற்பார். தலைப்பிலோ 'அவராலேயே எழுதப்பட்டது' என்னும் தொடர் காணப்படும். டக்ளசின் 1845 ஆம் ஆண்டு நூலும் இவ்வமைப்புக்குப் புறம்பானதன்று. இயக்கத்தின் தலைவராகிய வில்லியம் லொயிட் கரிசன் முன்னுரை வழங்க, வென்டெல் பிலிப்ஸ் எழுதிய கடிதம் அதனைத் தொடர்கின்றது. அவற்றைக் கடந்த பின்னரே வாசகன் டக்ளசின் முதல் வாக்கியத்தை அடைகின்றான்.

இவ்வமைப்பினைப் பதிப்புலக வழக்கம் என்று கூறி விடுதல் எளிது. ஆயின் இதன் பொருளை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று அந்நூலின் உள்ளேயே உள்ளது. போல்டிமோர் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் தொழில் பழகிய காலத்தில், வெள்ளைத் தொழிலாளர் சிலர் டக்ளசைச் சூழ்ந்து தாக்கினர். அவரது கண் பார்வையிழக்கும் நிலைக்கு உள்ளாயிற்று. அவரது எசமானன் நீதவானிடம் முறையிட்டான். வெள்ளையர் எவரேனும் சாட்சி கூற முன்வந்தாலன்றி எதுவும் செய்ய இயலாது என்பதே கிடைத்த விடை. தாக்குதலைப் பலர் நின்று பார்த்திருந்தனர், ஒருவரும் முன்வரவில்லை. இரத்தம் தோய்ந்த முகமே எதிரில் நின்றபோதும், சட்டத்தின் பார்வையில் அது சான்றாகவில்லை. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் கூறும் சாட்சியத்தை மேரிலாந்தின் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

அந்நீதிமன்றத்தில் அன்று கிடைக்காத வெள்ளைச் சாட்சிகள் இருவர் இந்நூலின் வாயிலில் நிற்கின்றனர். அவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் அங்கு நிற்க வேண்டியிருந்தமை, வடக்கின் வாசகர் உலகமும் ஓரளவுக்கு அந்நீதவானின் விதியையே பின்பற்றியது என்பதைக் காட்டுகின்றது. ஒழிப்பியக்கத்தின் நூலொன்று, அது எதிர்த்த அமைப்பின் சாட்சிய விதியைத் தன் வடிவத்திலேயே சுமந்து நிற்றல் இந்நூலின் அடிப்படை முரண்பாடாகும்.

அடிமைமுறையின் ஆதரவாளர் பக்கத்திலிருந்து வந்த மறுப்பொன்றினை டக்ளஸ் கையாண்ட விதம் இங்கு மனங்கொளத்தக்கது. நூல் வெளியான ஆண்டிலேயே ஏ. சி. சி. தொம்சன் என்பவர் பத்திரிகையில் மறுப்பெழுதினார். டக்ளஸ் என்னும் பெயர் தப்பிய பின் சூட்டிக்கொண்டது. அடிமையாக இருந்த காலத்தில் அவர் பிறெடெரிக் பெய்லி எனவே அறியப்பட்டார். அந்தப் பெய்லியைத் தாம் அறிந்திருந்ததாகவும், கல்வியறிவற்ற அவன் இத்தகைய நூலை எழுதியிருக்க முடியாது என்றும் தொம்சன் வாதிட்டார். டக்ளஸ் அவருக்குப் பகிரங்கமாக நன்றி கூறினார்! தாம் உண்மையில் மேரிலாந்தில் அடிமையாக வாழ்ந்தவரே என்பதற்கு எதிரியின் வாயிலிருந்தே உறுதி கிடைத்துவிட்டதல்லவா? 1846 இல் டப்ளினில் வெளியான பதிப்பில் அம்மறுப்பினையும் சேர்த்து அச்சிட்டார். நண்பர்களின் நற்சான்றிலும் பகைவனின் மறுப்பு வலிய சான்றாக அமையும் என்பதை அவர் கண்டுகொண்டார். அதனினும் முக்கியமானது, எச்சான்றினை எவ்விடத்தில் வைப்பது என்பதை இப்போது அவரே தீர்மானித்தார் என்பதாகும்.

3

1841 ஓகஸ்ட் மாதத்தில் நான்ரக்கெற் தீவில் நடைபெற்ற கூட்டமொன்றில் டக்ளஸ் ஆற்றிய உரையே அவரை இயக்கத்தின் ஊதியம் பெறும் பேச்சாளராக்கியது. ஊர்தோறும் சென்று தமது கதையைக் கூறுதல் அவரது பணியாயிற்று. சிறிது காலத்தில் அவருக்கு அதில் அலுப்பேற்பட்டது. தீமைகளை விவரிப்பதோடு நில்லாது அவற்றைக் கண்டித்துரைக்கவும் ஆராயவும் விரும்பினார். உண்மை நிகழ்ச்சிகளை மாத்திரம் கூறுமாறும், அவற்றின் தத்துவத்தைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் இயக்க நண்பர்கள் அறிவுறுத்தினர். அவரது பேச்சில் தோட்டத்து அடிமையின் மொழி சிறிதளவேனும் இருப்பது நன்று எனவும், மிகுந்த கல்வியுடையவராகத் தோன்றுதல் விரும்பத்தக்கதன்று எனவும் கூறினர். இச்செய்தி 1855 ஆம் ஆண்டு நூலில் உள்ளது. 1845 ஆம் ஆண்டு நூலில் இல்லை. அதனை அங்கு கூறியிருத்தலும் இயலாது. அறிவுறுத்தியவர்களின் இயக்கமே அந்நூலை வெளியிட்டது.

இவ்வாறு கூறுவதால் முதல் நூலில் விளக்கமே இல்லையெனக் கொள்ளுதல் தவறாகும். அடிமைகளின் பாடல்கள் பற்றிய பகுதியே இதற்குப் போதிய சான்று. அடிமைகள் பாடுவதைக் கேட்ட வடபுலத்தார் சிலர் அதனை அவர்களது மனநிறைவின் அடையாளமாகக் கொண்டனர். டக்ளஸ் இதனை மறுத்து, அப்பாடல்கள் துயரத்தின் வெளிப்பாடு என நிறுவுகின்றார். அத்துடன் அவர் நிறுத்தவில்லை. தாமே அடிமையாக, அவ்வட்டத்தின் உள்ளே நின்ற காலத்தில் அப்பாடல்களின் ஆழ்ந்த பொருள் தமக்கும் விளங்கவில்லை என ஒப்புக்கொள்கின்றார். வெளியே நிற்பவன் தவறாகக் கேட்கின்றான். உள்ளே நிற்பவன் கேட்டும் பொருளுணரான். உள்ளிருந்து வெளியேறி, உள்ளிருந்ததை மறவாதவனுக்கே பொருள் புலனாகும். அனுபவமும் விளக்கமும் இருவேறு ஆட்களிடையே பங்கிடப்பட வேண்டியவை என்ற நண்பர்களின் கருத்துக்கு, முதல் நூலிலேயே அமைந்துள்ள மறைமுகமான விடை இது. 1855 ஆம் ஆண்டு நூலில் இப்பகுதியினைத் தமது முந்தைய நூலிலிருந்து மேற்கோளாகவே அவர் எடுத்தாண்டமை, அவரும் இதன் முக்கியத்துவத்தை உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும்.

முதல் நூலின் மௌனமும் அதன் சொற்களைப் போலவே கவனத்திற்குரியது. தப்பியோடிய கதையே வாசகர் பெரிதும் எதிர்பார்க்கும் பகுதி. டக்ளஸ் அதனைக் கூற மறுத்தார். வழியை வெளியிட்டால் உதவியவர்களுக்குத் துன்பம் நேரும். அவ்வழியே பின்னர் வரவிருப்போர்க்கு வாயில் அடைபடும் என்பது அவர் காட்டிய காரணம். தப்புவோர்க்கு உதவும் இரகசிய ஏற்பாடுகளைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசியோரையும் அவர் கண்டித்தார். வாசகனின் ஆவலுக்கு மேலாக, இன்னும் விலங்கில் கிடப்போரின் நலனை வைத்த மௌனம் இது. சாட்சிக்கு மறைக்கும் உரிமை இல்லை. கேட்டதற்கெல்லாம் விடை கூற அவன் கடமைப்பட்டவன். ஆசிரியனோ எதனைக் கூறலாம், எதனைக் கூறலாகாது எனத் தானே தெரிந்தெடுப்பவன். அவ்வகையில் டக்ளசின் ஆசிரியத்துவம் அவர் சொல்லாது விட்ட இடத்திலேயே முதலில் உறுதி பெறுகின்றது.

ஆனால் பிறவற்றை அவர் மறைக்கவில்லை. எசமானர்களின் பெயர், பெருந்தோட்டம் இருந்த இடம் முதலியவற்றை வெளிப்படையாக எழுதினார். தாம் அடிமையாக இருந்தவரல்லர் என ஐயுற்றோர்க்கு வேறெவ்வாறு விடை கூறுவது? அதன் விளைவாக, சட்டப்படி இன்னும் பிறரது உடைமையாக இருந்த அவர் பிடிபடும் ஆபத்துக்கு உள்ளானார். நூல் வெளியான சில மாதங்களில் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றார். அங்கிருந்த ஆதரவாளர்கள் 150 பவுண் திரட்டி 1846 இல் அவரது விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். தாம் கூறியது உண்மையென நிலைநாட்ட அவர் தமது உடலையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

4

1847 டிசெம்பரில் றொச்செஸ்ரர் நகரில் 'வட விண்மீன்' எனப் பொருள்படும் பெயருடன் டக்ளஸ் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். அது கரிசனுடன் கொண்ட உறவில் விரிசலை ஏற்படுத்தியது. 1851 இல் அமெரிக்க அரசியலமைப்புப் பற்றிய கருத்து வேற்றுமை அவ்விரிசலைப் பிளவாக்கியது. அரசியலமைப்பே அடிமைமுறைக்குத் துணைபோவது என்றார் கரிசன். அதனை அடிமைமுறைக்கு எதிரான கருவியாக்கலாம் என்ற முடிவுக்கு டக்ளஸ் வந்திருந்தார். இப்பின்னணியிலேயே 1855 ஆம் ஆண்டு நூலை நோக்குதல் வேண்டும். இந்நூலின் அறிமுகவுரையை எழுதியவர் கறுப்பின மருத்துவரும் அறிஞருமாகிய ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித். வாயிலில் நின்ற வெள்ளைப் பிணையாளர் இப்போது அங்கில்லை.

மாற்றம் முகப்போடு நிற்கவில்லை. முதல் நூல், தமது பிறந்த நாளையே அறியாத ஒருவனின் வெறுமையுடன் தொடங்குகின்றது. இரண்டாவது நூலின் தொடக்கத்திலோ பாட்டி பெற்சி பெய்லியின் குடிசை விரிவாக இடம்பெறுகின்றது. அவர் மீன்வலை பின்னுவதில் வல்லவர். வற்றாளை நாற்றுக்களைப் பழுதுறாது பேணி வளர்க்கும் கைராசிக்காகச் சுற்றுப்புறத்தாரால் தேடப்பட்டவர். அடிமைத்தனம் எதனைப் பறித்தது என்பதைக் கூறும் நூல் முன்னையது. பறித்த பின்னும் எவை எஞ்சி நின்றன என்பதையும் கூறும் நூல் பின்னையது.

இவ்வேறுபாட்டினை மிகத் தெளிவாகக் காட்டுவது கோவியுடனான சண்டை. அடங்காத அடிமைகளை அடக்கிப் பழக்குவதில் பெயர்பெற்ற எட்வேட் கோவி என்பவனிடம் 1834 இல் டக்ளஸ் ஓராண்டு ஒப்படைக்கப்பட்டார். ஒரு நாள் தம்மைக் கட்டி அடிக்க முனைந்த அவனை எதிர்த்து நின்று நெடுநேரம் போராடினார். அதன் பின் கோவி அவர்மீது கைவைக்கவில்லை. மூன்று நூல்களிலும் இதுவே திருப்புமுனை. முதல் நூலில் இப்போராட்டம் பெரும்பாலும் தனியொருவனின் ஆண்மை மீட்சியாகச் சித்திரிக்கப்படுகின்றது. பில் என்னும் அடிமை கோவிக்கு உதவ மறுத்தமை மாத்திரமே அங்கு துணைச் செய்தி. பில் வேறொருவனின் உடைமை, வாடகைக்கு வந்தவன்.

இரண்டாவது நூலில் அக்களத்துக்கு இன்னொருவர் வருகின்றார். கரொலைன் என்னும் அடிமைப் பெண்ணை உதவிக்கு அழைக்கின்றான் கோவி. உடல்வலிமை மிக்க அவள் நினைத்திருந்தால் டக்ளசை எளிதில் அடக்கியிருக்கலாம். அவள் மறுத்துவிடுகின்றாள். அவள் கோவியின் சொந்த உடைமை. பில்லுக்கு இருந்த சிறு பாதுகாப்பும் அவளுக்கு இல்லை. 1845 ஆம் ஆண்டு நூலிலும் கரொலைன் இடம்பெறுகின்றாள். பிள்ளை பெறுவித்து உடைமையைப் பெருக்குவதற்காகவே கோவி அவளை விலைக்கு வாங்கினான் என்ற செய்தியில் மாத்திரம் அவளைக் காண்கின்றோம். கொடுமைக்கு எடுத்துக்காட்டாக அங்கு நின்றவள், பத்தாண்டுகளின் பின் தன் முடிவைத் தானே எடுக்கும் மனுஷியாகத் தோன்றுகின்றாள். நிகழ்ச்சிகளை மாத்திரம் கூறுமாறு பணிக்கப்பட்ட சாட்சியின் கூற்றில் அவள் ஒரு சான்றாதாரம். விளக்கும் உரிமை பெற்ற ஆசிரியனின் நூலில் அவள் ஒரு பாத்திரம். இரண்டாவது நூல் முதல் நூலின் வெறும் நீட்சி என்போர்க்கு இந்த ஓரிடமே விடையாகும்.

இதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் மறைத்தல் விமர்சன நேர்மையாகாது. முதல் நூலின் வாக்கியங்கள் மேடையில் பழகியவை. எதிரெதிர்ச் சொற்களை நிறுத்தி, ஒரே வீச்சில் முடிவை அடைபவை. இரண்டாவது நூலில் விளக்கம் சில இடங்களில் நிகழ்ச்சியை முந்திக்கொள்கின்றது. கூறியதைத் திரும்பக் கூறும் இடங்களும் உள. ஆயினும் செறிவின்மையை மாத்திரம் கண்டு இந்நூலைத் தாழ்த்துவோர், சாட்சியிடமிருந்து நிகழ்ச்சிகளை மாத்திரம் கேட்ட அந்நண்பர்களின் விருப்பத்தையே தம்மையறியாமல் இலக்கிய அளவுகோலாக மாற்றிவிடுகின்றனர்.

5

விளக்கும் உரிமையோடு தவறு செய்யும் வாய்ப்பும், அதனைத் திருத்தும் கடமையும் கூடவே வருகின்றன. முதல் நூலின் உருக்கமான பகுதிகளுள் ஒன்று, முதுமையுற்ற பாட்டியைக் காட்டுக் குடிசையில் தனியே சாகவிட்டதாகக் கூறும் இடம். 1848 இல் முன்னாள் எசமானன் தோமஸ் ஓல்ட்டுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலும் டக்ளஸ் இக்குற்றத்தைச் சுமத்தினார். ஓல்ட் பாட்டியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பராமரித்தான் என்பது பின்னர் தெரியவந்தது. 1849 இல் தமது பத்திரிகையிலேயே அதனை ஒப்புக்கொண்டார். 1877 இல் மரணப் படுக்கையிலிருந்த ஓல்ட்டை நேரிற் கண்டு தமது தவற்றைக் கூறியதாக மூன்றாவது நூல் தெரிவிக்கின்றது. எதிரிக்கு இழைத்த சிறு அநீதியையும் திருத்த முன்வந்தவர், அதனால் அடிமைமுறை மீதான தீர்ப்பைச் சற்றும் தளர்த்தவில்லை. தனிமனிதன் வேறு, அவனை எசமானனாக்கிய அமைப்பு வேறு என்ற தெளிவு அங்கு காணப்படுகின்றது.

மூன்றாவது நூலிலே தான் தப்பிய வழி கூறப்படுகின்றது. 1838 செப்ரெம்பர் 3 ஆம் நாள், மாலுமி உடையணிந்து, கறுப்பின மாலுமி ஒருவரிடம் இரவல் பெற்ற பத்திரத்துடன் போல்டிமோரில் புகையிரதமேறினார். பத்திரத்திலிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்துவனவல்ல. பரிசோதகர் அதனைக் கூர்ந்து நோக்காமையே அவரைக் காத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காக்கப்பட்ட இரகசியம் இது. அதனை வெளியிட்டபோது அது எவர்க்கும் தீங்கு செய்ய இயலாததாகிவிட்டது. அடிமைமுறை 1865 இல் சட்டப்படி முடிவுற்றிருந்தது.

இந்நூலில் பதவிகளும் பயணங்களும் அளவுக்கு மீறி இடம்பெறுகின்றன என்ற குறையை மறுத்தல் இயலாது. ஆயினும் அது தோன்றிய காலத்தை மறந்து அதனை மதிப்பிடலாகாது. தென் மாநிலங்களில் உள்நாட்டுப் போரின் பின் ஏற்பட்ட சீரமைப்பு 1877 இல் கைவிடப்பட்டது. 1875 ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டத்தை 1883 இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அடிமைமுறையை இனியதொரு பழங்காலமாகச் சித்திரிக்கும் போக்கும் வலுப்பெற்று வந்தது. மறதிக்கு எதிராக மீண்டும் ஒரு முறை சாட்சிக்கூண்டில் ஏறவேண்டிய நிலை முதியவருக்கு ஏற்பட்டது. இந்நூல் அவர் எதிர்பார்த்தவாறு விற்பனையாகவில்லை. கேட்க விரும்பாத காலத்தில் கூறப்பட்ட சாட்சியம் அது.

6

இவ்வளவும் கூறிய பின்னரும் ஒரு வினா எஞ்சுகின்றது. விளக்கும் உரிமையை வென்றெடுத்தவர் அதனை எவருடன் பகிர்ந்துகொண்டார்? டக்ளசின் முதல் மனைவி அன்னா மறே சுதந்திரப் பெண்ணாகப் பிறந்தவர். போல்டிமோரில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தவர். டக்ளஸ் தப்புவதற்குத் தமது சேமிப்பிலிருந்து உதவியவர். 1882 இல் அவர் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவர்களது இல்வாழ்க்கை நீடித்தது. மூன்று சுயசரிதைகளிலும் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். அவரது பங்கினை உலகம் அறிய, மகள் றொசெற்றா 1900 இல் தம் தாயைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. தப்பிய வழி பற்றிய மௌனம் பிறரைக் காத்தது. அன்னாவைப் பற்றிய மௌனமோ எவரையும் காக்கவில்லை. கரொலைனைக் கண்ட கண் தன் வீட்டினுள் பார்க்கத் தவறியது.

றொச்செஸ்ரரில் டக்ளசின் பத்திரிகை அலுவலகம் இருந்த கட்டடத்திலேயே 1849 இல் இயக்கத்தின் வாசிகசாலையில் பணியாற்றியவர் ஹரியற் ஜேக்கப்ஸ். அடிமைப் பெண்ணாகத் தாம் பட்டவற்றை 1861 இல் புனைபெயரில் நூலாக்கினார். அதனைப் பதிப்பித்த லிடியா மரியா சைல்ட் என்னும் வெள்ளைப் பெண்மணியே அதனை எழுதியிருக்க வேண்டுமெனவும், அது புனைகதையெனவும் ஆய்வாளர் பலர் நெடுங்காலம் எண்ணினர். ஜீன் பேகன் யெலின் 1980களில் கடிதங்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, அது ஜேக்கப்சின் சொந்த ஆக்கமே என நிறுவினார். போல்டிமோர் நீதவானின் சாட்சிய விதி இருபதாம் நூற்றாண்டின் இலக்கிய ஆய்விலும் உயிர்வாழ்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டக்ளசின் மூன்று நூல்களையும் தரவரிசைப்படுத்தி ஒன்றைத் தெரிவுசெய்தல் விமர்சகனின் பணியாகாது. ஒடுக்கப்பட்டோரின் எழுத்தை அனுபவ ஆவணமாக மாத்திரம் போற்றி, அதன் சிந்தனையை வேறெவரோ வகுத்துத் தர வேண்டுமென எதிர்பார்க்கும் வாசிப்பு, எத்துணை அனுதாபம் உடையதாயினும், அவ்வெழுத்தாளனை மீண்டும் கூண்டிலேயே நிறுத்துகின்றது. கூண்டிலிருந்து இறங்கி வந்து வழக்கின் பொருளைத் தாமே எடுத்துரைக்க டக்ளசுக்கு ஐம்பது ஆண்டுகளும் மூன்று நூல்களும் தேவைப்பட்டன. அம்மூன்றையும் ஒருசேரப் படிப்பதே அவ்வுழைப்புக்கு வாசகன் செலுத்தக்கூடிய மதிப்பாகும்.